கறை படிந்த கச்சை

தியானப் பகுதி: எரேமியா 13:1-11, கலாத்தியர் 6:1



இந்த வாரம் என் காரின் சீட் பெல்ட்டைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். போதகருக்குப் பேச வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் எண்ணக்கூடும். குயவனுடைய வீட்டுக்கு எரேமியாவை அனுப்பிப் பாடம் கற்பித்த ஆண்டவர், எனக்கு இந்த முறை ஒரு வாளித் தண்ணீரின் அருகே கற்பித்தார்.

நான் வைத்திருப்பது பழைய கார். அதன் இருக்கைகளும் பெல்ட்டுகளும் சந்தன நிறமுடையவை. வாங்கிய நாளில் பார்க்க அழகாயிருந்தன. ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்வையும், தலையில் தேய்த்த எண்ணெயும், ஒருமுறை சிந்திய காபியும் சேர்ந்து, முன் இருக்கை பெல்ட்டில் தோளின் மேல் படியும் பகுதியைக் கறுக்கச் செய்துவிட்டன. ஞாயிறு வரும்; ஆராதனை, வீட்டுச் சந்திப்பு, மருத்துவமனை என்று நாட்கள் ஓடும். பெல்ட்டைத் துடைக்கவேண்டும் என்ற எண்ணம் வரும், போய்விடும்.

கடந்த ஆண்டு எங்கள் சபையின் சகோதரி ஒருவருடைய மகளுக்குத் திருமணம். வாகனம் வரத் தாமதமானதால், அந்தத் தாயாரை நானே ஆலயத்துக்கு அழைத்துச் சென்றேன். அவர் இளமஞ்சள் பட்டு உடுத்தியிருந்தார். பெல்ட்டைக் கையில் எடுத்தவர், அதன் கறையைப் பார்த்துத் தயங்கினார். "ஐயா, புடவையில் ஒட்டிக்கொள்ளுமோ?" என்றார். எனக்கு வெட்கமாயிருந்தது. அந்த வெட்கத்தை மறைக்க, "பக்கத்தில்தானே அம்மா, பரவாயில்லை, விட்டுவிடுங்கள்" என்றேன்.

ஆலயத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கையில் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது, அவருடைய உடல் நிற்கவில்லை. நெற்றி முன்பலகையில் மோதியது. மூன்று தையல்கள். மகளின் திருமணத்தில் அந்தத் தாயார் நெற்றிக் கட்டோடு நின்றார். அவர் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாரமாயிற்று.

அன்று மாலையே பெல்ட்டைச் சுத்தம் செய்ய முனைந்தேன். குளியலறை கழுவும் பிளீச்சிங் தூளைக் கரைத்துத் துணியை நனைத்தேன். அந்நேரம் பக்கத்து வீட்டு மெக்கானிக் தம்பி வந்தார். "ஐயா, அதைப் போடாதீர்கள். கறை போகலாம், நூலும் பலம் இழந்துவிடும். பார்வைக்குப் புதியதாக இருக்கும், மோதும் நேரத்தில் தாங்காது" என்றார். காரோடு வந்த கையேட்டைத் திறந்து பார்த்தேன். பிளீச்சும் சாயமும் கூடாது என்றே அதிலும் எழுதியிருந்தது.

அவர் சொல்லித்தந்தபடி செய்தேன். முதலில் பெல்ட்டை மெதுவாக முழுவதும் வெளியே இழுத்தேன். வெடுக்கென்று இழுத்தால் அது பூட்டிக்கொள்ளும். விபத்தில் நம்மைப் பிடித்து நிறுத்துவதும் அந்தப் பூட்டுதான். அது திரும்பிச் சுருளாதபடி, சுருளும் இடத்துக்கு அருகே ஒரு கிளிப்பை மாட்டினேன். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைச் சிறிதளவு கரைத்து, மிருதுவான பிரஷினால் நெசவின் போக்கிலேயே தேய்த்தேன். தண்ணீரை ஊற்றவில்லை, சுருளும் பெட்டிக்குள்ளும் பூட்டுக்குள்ளும் ஈரம் இறங்கலாகாது. பின்பு சுத்தமான ஈரத்துணியால் சோப்பு நீங்கும்வரை துடைத்தேன். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் கண்ணாடிகளைச் சற்றே இறக்கிவிட்டு, மறுநாள்வரை காயவிட்டேன். ஈரத்தோடு சுருளவிட்டால் உள்ளே பூஞ்சையும் நாற்றமும் பிடிக்கும். காய்ந்தபின் இழை பிரிந்திருக்கிறதா, ஓரம் அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். அப்படி இருந்திருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றியே ஆகவேண்டும்.

ஒரே முறையில் கறை போகவில்லை. மூன்று வாரங்களில் மூன்று முறை செய்தேன். இன்றும் மங்கலாக ஒரு நிழல் இருக்கிறது. ஆனால் பட்டுடுத்தியவரும் தயங்காமல் அணியலாம்.

நெசவின் போக்கில் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு முகம் என் நினைவில் வந்தது. எங்கள் வாலிபர் கூட்டத்தில் பாடிவந்த ஒரு தம்பி குடிப்பழக்கத்தில் விழுந்தார். நான் அவரைத் தனியே சந்திக்கவில்லை. பிரசங்க பீடத்திலிருந்து, பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாரும் அறியும்படி கண்டித்தேன். சபை பரிசுத்தமாயிருக்கவேண்டும் என்ற வைராக்கியம் என்று அதற்குப் பெயர் வைத்தேன். மறுவாரம் அவருடைய இடம் காலியாயிருந்தது. இரண்டு ஆண்டுகளாகியும் அது காலியாகவே இருந்தது. நான் பயன்படுத்தியது பிளீச். சபை வெண்மையாகத் தோன்றியது. ஒரு இழை அறுந்துபோயிற்று.

எரேமியா 13-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி ஒரு சணல் கச்சையை அரையில் கட்டுகிறார். பின்பு கர்த்தருடைய சொற்படி அதை ஐபிராத்து நதியருகே கன்மலை வெடிப்பில் ஒளித்துவைக்கிறார். அநேக நாட்களுக்குப்பின் எடுக்கும்போது அது ஒன்றுக்கும் உதவாமல் கெட்டுப்போயிருந்தது. யூதாவின் பெருமையைக் குறித்த அடையாளம் அது. கச்சை எங்கே கெட்டது என்று கவனியுங்கள். அரையில் இருந்த நாட்களில் அது கெடவில்லை. அரையைவிட்டு விலகியிருந்த நாட்களில் கெட்டது. ஜனங்கள் தம்மோடு ஒட்டியிருக்கவே கர்த்தர் விரும்பினார் என்று 11-ஆம் வசனம் சொல்லுகிறது.

என் காரில் நடந்ததும் அதுவே. கறையோடு அணிந்திருந்தாலும் அந்தப் பெல்ட் அந்தத் தாயாரைக் காத்திருக்கும். புடவைக்குத்தான் சேதம் வந்திருக்கும். கறைக்கு அஞ்சி விலக்கியதே காயத்துக்குக் காரணம். அதற்காகக் கறையை அப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. என் அசட்டையால் படிந்த கறைதானே அவரைத் தயங்கவைத்தது! கறை நீக்கப்படவேண்டும், நீக்கும் விதத்தில் இழை காக்கப்படவேண்டும். கலாத்தியர் 6:1-இல் பவுல், தவறியவனைச் சீர்ப்படுத்தும்படி சொல்லும்போது, சாந்தமுள்ள ஆவியை நிபந்தனையாக வைக்கிறார். சீர்ப்படுத்துகிறவன் தன்னையும் கவனிக்கவேண்டும் என்கிறார்.

கடந்த மாதம் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். ஆலயத்துக்கு இன்னும் வரவில்லை. அடுத்த வாரமும் போவேன்.

நம்முடைய குடும்பத்திலோ சபையிலோ, கறையின் நிமித்தம் நாம் கழற்றி வைத்துவிட்ட ஒருவர் உண்டா? பிரியமானவர்களே, இந்த வாரம் அவரைத் தேடிப்போங்கள். காரில் ஏறும்போது பெல்ட்டையும் மறவாதீர்கள். பக்கத்திலிருக்கிறவரும் அணிந்தாரா என்று பாருங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, எங்கள் கறைகளை நீர் பொறுமையோடு கழுவுகிறீர். நாங்களோ பிறருடைய கறைகளை அவசரத்தோடு தேய்த்து அவர்களைக் காயப்படுத்தினோம். எங்களை மன்னியும். விலகிப்போனவர்களைச் சாந்தத்தோடு தேடும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.