பச்சைக் கம்பியும் கறுப்புக் கம்பியும்

ஜோகூரின் யோங் பெங்கில் பிற்பகலில் வானம் கறுத்து இடி இறங்கினால், மறுநாள் காலை கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் என் கடை வாசலில் இரண்டு பெட்டிகளாவது வந்து நிற்கும். "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, இன்னிக்கு ஆனே ஆகல." ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் நான் ஒன்று கேட்பேன். இடி விழுந்தபோது பிளக்கைப் பிடுங்கியிருந்தீர்களா? இணையக் கம்பியையும் சேர்த்தா? பவர் பிளக்கைப் பிடுங்கியவர்கள்கூட அந்த மெல்லிய கம்பியை மறந்துவிடுகிறார்கள். மின்னலுக்கு அதுவும் ஒரு பாதைதான்.

"ஆகல" என்ற சொல்லுக்குள் பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் விசிறிகூட அசையாது. அப்படியானால் முதலில் மின்சாரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். விசிறி சுற்றும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். அங்கே என் கை முதலில் ராம் (RAM) நினைவகத்துக்குப் போகும். ஈரக் காற்றில் அதன் தங்கப் பற்களில் அழுக்குப் படிந்துவிடுகிறது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஒன்றை மட்டும் செருகிப் பார்ப்பேன். உயிரோடு எழுந்த பெட்டிகள் பல.

அசையவே அசையாத பெட்டியில் பவர் சப்ளையின் இணைப்புகளை எல்லாம் கழற்றிவிடுவேன். 24 ஊசி இணைப்பில் பச்சைக் கம்பி ஒன்றே ஒன்றுதான். அதைப் பக்கத்துக் கறுப்புக் கம்பியோடு பேப்பர் கிளிப்பால் சேர்த்தால், மதர்போர்டிடமிருந்து கட்டளை வந்துவிட்டதாக எண்ணி பவர் சப்ளை விழித்துக்கொள்ளும். பிறகு மீட்டர். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. அளவு சரியாக வந்தாலும் நான் முழுதாக நம்புவதில்லை. சுமை ஏறியதும் சரிந்துவிடுபவை உண்டு. அதற்காகவே நல்ல பவர் சப்ளை ஒன்றை மேசைக்கடியில் வைத்திருக்கிறேன். அதை மாட்டிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். வீட்டில் முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பவர் சப்ளையின் தகரப் பெட்டியை மட்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். ஆகாத கம்ப்யூட்டரைக் கண்டதும் "ஃபார்மட் பண்ணிடலாம்" என்பது. தோட்டத்துப் பையன் ஒருவன் இரண்டு ஆண்டுப் பாடக் குறிப்புகளை அப்படி எங்கோ பறிகொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். கோளாறு ராமில். ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

2023 மார்ச்சில் ஜோகூரை வெள்ளம் சூழ்ந்தபோது எங்கள் வட்டாரமும் தப்பவில்லை. தண்ணீர் வடிந்ததும் சேறு பூசிய பெட்டிகள் வரிசையாக வந்தன. பலர் வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, ஆசையில் பொத்தானை அழுத்திவிட்டிருந்தார்கள். நனைந்த போர்டைவிட, நனைந்தபடியே மின்சாரம் பாய்ந்த போர்டுதான் அதிகம் செத்தது. ஹார்ட் டிஸ்க் மூழ்கியிருந்தால் அதைக் காயவைக்கவும் கூடாது. சேறு தட்டின் மேல் இறுகிவிடும். ஈரத்தோடு பையில் மூடி, தகவல் மீட்கும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அந்த வாரம் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா பெட்டியைக் கைலியில் சுற்றிக் கொண்டுவந்தார். "தம்பி, இன்னும் ஆன் பண்ணிப் பார்க்கல. உங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யலாம்னு." அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அடியில் இருந்த பவர் சப்ளையும் போர்டின் கீழ்ப்பாதியும் நனைந்திருந்தன. மேல் தட்டில் இருந்த ஹார்ட் டிஸ்க்கில் ஈரமே இல்லை. அதைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். இறந்துபோன கணவர் செம்பனை மரத்தடியில் அரிவாளோடு நிற்கும் படம் முதலில் திறந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், எல்லாப் படமும் நகலாகி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. போர்டு பிழைக்குமா என்று கேட்கவும் இல்லை.