அம்மாவின் நெஞ்சுக்கும் ஒரு கதை இருக்கு

எங்கட வீடுகளில் நெஞ்சு வருத்தம் என்றால் அது ஆம்பிளையளின் வருத்தம். பெரியப்பாவுக்கு 49 வயதில் அட்டாக் வந்தது, மாமா பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே விழுந்தது, அப்பாவுக்கு 53இல் பைபாஸ் செய்தது எல்லாம் வருடம் மாதத்தோடு சொல்லுவினம். அதே குடும்பத்துப் பெண்கள் என்னத்தால் செத்தவை என்று கேட்டுப் பாருங்கோ. "வயசு போச்சுது", "சலரோகம்", "இரவு படுத்தவ, காலமை எழும்பேல்லை" என்றுதான் பதில் வரும். படுத்து எழும்பாத அப்பம்மாவின் நெஞ்சுக்கு அன்றிரவு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

உலகம் முழுக்கப் பெண்களின் உயிரை அதிகம் எடுப்பது இதயமும் இரத்தக் குழாயும் சார்ந்த நோய்கள்தான். இதைச் சொன்னால் எங்கட ஆட்கள் நம்பமாட்டினம். மார்பகப் புற்றுநோய் என்றுதான் நினைப்பினம்.

2005இல் அப்பாவுக்கு பைபாஸ் நடந்த பிறகு எங்கள் வீடு முழுக்க மாறியது. தேங்காய்ப்பால் போய் ஆட்டுப்பால் வந்தது. பொரியல் நின்றது. குளிசைகளைக் கிழமை நாள் எழுதிய பெட்டியில் பிரித்து வைத்தது அம்மா. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது அம்மா. மாலையில் பார்க்கில் நடக்க வைத்ததும் அம்மாதான். அப்பாவின் கொலஸ்ட்ரோல் எத்தனை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் எண் அம்மாவுக்கே தெரியாது. "எனக்கென்ன, நான் சிகரெட்டா, குடியா? எனக்கு ஒண்டும் வராது" என்பா.

2022இல் அம்மாவுக்கு 66 வயது. இரண்டு மூன்று கிழமையாகக் களைப்பு, படியேற மூச்சு வாங்குது என்று சொல்லிக்கொண்டிருந்தா. ஜீபியிடம் போனதற்கு, வயதும் மன அழுத்தமும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிறு காலை முதுகும் தாடையும் நொந்து, வியர்த்து, ஓங்காளம் வந்தது. நெஞ்சில் பாரம் மாதிரி ஏதோ இருந்ததாம், அதைக் கடைசியாகத்தான் சொன்னா. "வாய்வாக்கும், உள்ளி ரசம் வைச்சுக் குடிச்சால் சரி" என்று குசினிக்கு நடக்க வெளிக்கிட்டவவை மறித்து, தம்பி 999க்கு அடித்தான். மாரடைப்பு. அன்றே குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மா இன்று நல்லாய் இருக்கிறா. அந்த அழைப்பு இரண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும்.

வார்டில் ஒரு இளம் பெண் டொக்டர் வந்து கேள்விகள் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். புகை, சுகர், பிரஷர் எல்லாம் கேட்டுவிட்டு, "பிள்ளைகள் வயிற்றில் இருக்கும்போது ஏதும் பிரச்சினை இருந்ததா?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தா. "இதையேன் பிள்ளை இவ கேக்கிறா?"

பிறகு சொன்னா. 1984இல் தம்பி வயிற்றில் இருந்தபோது கால் வீங்கி, பிரஷர் ஏறி, கண் மங்கி, எட்டாம் மாதத்திலேயே சிசேரியன் செய்து பிள்ளையை எடுத்தார்களாம். பிறகு பிரஷர் இறங்கிவிட்டது. அதோடு அந்தக் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நாங்கள் லண்டனுக்கு வந்து எத்தனையோ தரம் அம்மா ஜீபியிடம் போயிருக்கிறா. 38 வருடத்தில் இந்தக் கேள்வியை முதல் முதலாகக் கேட்டது அந்த டொக்டர்தான்.

கர்ப்பம் என்பது இதயத்துக்கு வைக்கும் ஒரு பரீட்சை மாதிரி என்று அவர் விளங்கப்படுத்தினார். அந்த மாதங்களில் உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட அரைவாசியால் கூடுகிறது. இதயமும் இரத்தக் குழாய்களும் அதைத் தாங்க வேண்டும். தாங்க முடியாத இடத்தில் பிரஷர் ஏறுகிறது, அல்லது சுகர் ஏறுகிறது. பிள்ளை பிறந்ததும் எண்கள் இறங்கும். ஆனால் பிரீ-எக்லாம்சியா என்கிற அந்தக் கர்ப்பகால பிரஷர் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சுகர் வந்தவர்களுக்கு நிரந்தரச் சுகர் வரும் வாய்ப்பு ஏழு முதல் பத்து மடங்கு என்று பெரிய ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. ஆண்களுக்கு இப்படி ஒரு முன்னெச்சரிக்கை இருபது முப்பது வயதில் கிடைப்பதில்லை. எங்களுக்குக் கிடைக்கிறது, ஆனால் அது பிள்ளைப்பேற்றுக் கோப்புக்குள்ளேயே கிடந்துவிடுகிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் காரணங்கள் முழுக்க வேறு என்று நினைக்க வேண்டாம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்து சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. புகை, கொலஸ்ட்ரோல், பிரஷர், சுகர், வயிற்றுக் கொழுப்பு, மன அழுத்தம், பழமும் மரக்கறியும் போதாமை, உடற்பயிற்சி இல்லாமை, மது ஆகிய ஒன்பதும் சேர்ந்து முதல் மாரடைப்புகளில் ஆண்களுக்கு 90 சதவீதத்தையும் பெண்களுக்கு 94 சதவீதத்தையும் விளக்குகின்றன என்று அது காட்டியது. ஒன்பதும் இருவருக்கும் பொதுதான். பாரம்தான் வேறு. பிரஷரும் சுகரும் பெண்களைக் கூடுதலாகத் தாக்குகின்றன. பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சராசரியாக ஒன்பது வருடம் பிந்தி வருகிறது. அதனால்தான் பெரியப்பாவின் கதை எல்லோருக்கும் நினைவிருக்கிறது, அப்பம்மாவின் கதை "வயசு போச்சுது" ஆகிவிடுகிறது.

சுகர் வந்தால் அந்தப் பிந்தி வரும் சலுகை பெருமளவு போய்விடும். எட்டரை லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்து 2014இல் வந்த ஓர் ஆய்வின்படி, சுகரால் கூடும் இதய நோய் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு 44 சதவீதம் அதிகம். சலரோகம் இல்லாத தமிழ்க் குடும்பத்தை நான் இன்னும் காணவில்லை. "நான் சிகரெட்டா, குடியா?" என்று எங்கட அம்மாமார் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அது ஒன்பதில் இரண்டுக்குத்தான் பதில்.

போன வருடம் எனக்கு என்.எச்.எஸ். ஹெல்த் செக் கடிதம் வந்தது. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். நர்ஸ் வயது, இனம், எடை, பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் கணினியில் போட்டார். 60 வயதுக்கு முன் பெற்றோருக்கோ சகோதரங்களுக்கோ இதய நோய் வந்ததா என்று கேட்டார். அப்பாவுக்கு ஓம். அம்மாவுக்கு 66, ஆகவே கணக்கில் இல்லை. பத்து வருடத்தில் எனக்கு இதய நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிடும் அந்தக் கருவியின் பெயர் கியூரிஸ்க் 3. 2017இல் வந்தது. ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்குக்கூட அதில் ஒரு பெட்டி இருக்கிறது. அது சரிதான், ஏனென்றால் அது குழாய்கள் ஒடுங்குவதன் முன்னறிகுறியாக இருக்கலாம். ஆனால் கர்ப்பகால பிரஷருக்கும் சுகருக்கும் பெட்டி இல்லை. 2024இல் வெளியான அடுத்த வடிவத்தில்தான் பெண்களின் பிரீ-எக்லாம்சியாவைச் சேர்த்திருக்கிறார்கள்.

என் இரண்டாவது மகள் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சுகர் வந்தது. அதையும் அம்மாவின் 1984 கதையையும் நானாகவே சொன்னேன். நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதைக் குறிப்பில் எழுதுகிறேன், டொக்டர் பார்ப்பார்" என்றார். கருவி தந்த எண் சிறியதுதான். ஆனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு டொக்டர் போன் எடுத்து, வருடாந்த சுகர் சோதனையை விடாமல் செய்யச் சொன்னார், பிரஷரையும் வீட்டில் அளந்து எழுதச் சொன்னார். எனக்கு இந்த மருந்து அந்த மருந்து என்று ஒன்றும் தரவில்லை. கண் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே 2018இல் வந்த கொலஸ்ட்ரோல் வழிகாட்டி, தெற்காசிய வம்சாவளி, பிரீ-எக்லாம்சியா, 40 வயதுக்கு முன் மாதவிடாய் நிற்பது ஆகியவற்றை ஆபத்தைக் கூட்டும் காரணிகளாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55க்கு முன், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65க்கு முன் வந்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்கும். இடுப்பளவும் எங்களுக்கு வேறு: தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90.

இன்னுமொன்று. மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சுநோதான் அதிகம் வருவது. ஆனால் கூடவே களைப்பு, மூச்சு வாங்குதல், ஓங்காளம், முதுகு நோ, தாடை நோ வருவது ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூட. அதனால்தான் அது வாய்வு என்று பெயர் மாறுகிறது. ரசம் பிறகு வைக்கலாம், முதலில் அம்புலன்ஸ்.

எங்கட தலைமுறைக்கு ஒரு வசதி இருக்கிறது. அம்மாவோடு தமிழில் கதைக்கலாம், டொக்டரோடு ஆங்கிலத்தில் கதைக்கலாம். இந்தக் கதை ஒரு பக்கத்தில் இருந்து மற்றப் பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் அது எங்களால்தான் நடக்கும். இந்தச் சனி ஞாயிறு அம்மாவுக்கோ மாமிக்கோ போன் எடுக்கும்போது, சாப்பிட்டாச்சா என்று கேட்ட பிறகு இதையும் கேளுங்கோ: பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பிரஷர் வந்ததா, சுகர் வந்ததா, பிள்ளை மாதம் குறைந்து பிறந்ததா, மாதவிடாய் எத்தனை வயதில் நின்றது. நான் இவற்றை அம்மாவிடமும் மாமியிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை அவரவர் ஜீபியிடம் கொடுத்திருக்கிறேன். இன்னொரு பிரதி எங்கள் வீட்டுக் கோப்பில், பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகங்களோடு இருக்கிறது. அதில் என் பெயருக்கு நேரே "2014, கர்ப்பகாலச் சுகர்" என்று எழுதியிருக்கிறேன். என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. அவள் அதை ஒருநாள் வாசிப்பாள்.