ஒரு மிதவைக்கு ஆறு லிட்டர்

பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் சட்டம். மூலைகள் விட்டுப்போகாமல் இருக்க நாலடி நீளத்தில் குறுக்கு மூங்கில். சட்டத்தின் குறுக்கே இருபது கயிறு, கயிற்றுக்கு இருபது முடிச்சு, முடிச்சுக்கு ஒரு துண்டுப் பாசி. அடியில் பழைய மீன்வலையை விரித்துக் கட்டியிருப்பார்கள்; இல்லாவிட்டால் ஓரா மீன் கூட்டமாக வந்து கொழுந்தை மேய்ந்துவிட்டுப் போய்விடும். இப்படிப் பத்து மிதவைகளைச் சேர்த்துப் பிணைத்து ஒரு நங்கூரம் போடுகிறார்கள். 45 நாளில் அறுவடை. மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கம் வடகடலில் பாசி வளர்க்கிற குடும்பங்களின் பிழைப்பு இந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

கடல்பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்ற பேச்சைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். நிலம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், உரம் வேண்டாம் என்பது அந்தப் பேச்சின் பலம். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிற நாடு இது. அந்த எத்தனாலுக்காகக் கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும் ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. சோற்றுக்கும் வண்டிக்கும் ஒரே வயல் என்ற நிலையில் கடல் பக்கம் கண் திரும்புவது நியாயமானதுதான். ஆனால் நான் படித்த கட்டுரைகள் எல்லாமே ஹெக்டேருக்கு இத்தனை டன் என்றுதான் தொடங்கின. அந்த டன்னைக் கட்டுகிறவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அவர்களைப் பார்க்கத்தான் மண்டபத்தை அடுத்த முனைக்காட்டுக்குப் போனேன்.

விடிந்து வெயில் ஏறுவதற்குள் பாசி கட்டி முடித்துவிட வேண்டும். கரையில் தார்ப்பாய் விரித்து, நாலு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஈரச் சாக்கு போர்த்திய பாசிக் குவியல். சாக்கு காயக் காய ஒரு சிறுமி கடல்நீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். குவியலிலிருந்து ஒரு கொத்தை எடுப்பார், கரும்பச்சையாக, நுனி விறைப்பாக இருக்கிற கிளையை மட்டும் ஒடிப்பார், வெளுத்ததை ஒதுக்கிப் போடுவார். ஒடித்த துண்டு 150 கிராம் இருக்கும். கயிற்றில் தொங்குகிற சிறு கண்ணிக்குள் அதை நுழைத்து ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு. கை நிற்கவே இல்லை.

"இறுக்கிக் கட்டுனா முடிச்சுலயே அறுந்துரும் தம்பி. தொளதொளன்னு விட்டா அலையில நழுவிரும். ரெண்டுக்கும் நடுவுல கட்டணும். அது கைக்குத்தான் தெரியும்" என்றார்.

அந்தக் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் ஓரத்தில், நைலான் நூல் உரசுகிற இடத்தில், தோல் கோடு கோடாக வெடித்திருந்தது. உப்புத்தண்ணீர் பட்டால் எரியாதா என்று கேட்டேன். வெடித்த புதிதில் எரியும், அப்புறம் தெரியாது என்றார். பேசிக்கொண்டே இரண்டு கயிறு முடித்திருந்தார். ஒரு மிதவைக்கு நானூறு முடிச்சு. ஆளுக்கு 45 மிதவை என்பது இங்கே பொதுக் கணக்கு. ஒரு நாளைக்கு ஒன்று அறுத்து, அதே நாளில் ஒன்று கட்டி இறக்கினால் சுற்று முறியாமல் ஓடும்.

இந்தப் பாசி இந்தக் கடலில் பிறந்ததல்ல. கப்பாபைகஸ் என்பது அறிவியல் பெயர். பிலிப்பைன்ஸ் வகை; ஜப்பான் வழியாக 1980களில் குஜராத்துக்கு வந்தது. பாவ்நகரில் இருக்கிற மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் அதை ஓகா கரையில் வளர்த்துப் பார்த்து, பிறகு மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. 2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்தச் சாகுபடியாக இதை இங்கே பரப்பியது. அதனால் ஊரில் இன்றைக்கும் 'பெப்சி பாசி'தான். 2008-ல் அக்வாக்ரி என்ற நிறுவனத்தின் கைக்கு அந்த வேலை மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. இதிலிருந்து எடுக்கிற கராஜீனன் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்கிறது. பச்சைப் பாசியைப் பிழிந்தால் வருகிற சாறு பயிருக்குத் தெளிக்கிற திரவ உரமாகிறது. சாறு போன சக்கையைக் காய்ச்சி, நொதிக்க வைத்து எத்தனால் எடுக்கலாம் என்பதையும் பாவ்நகர் விஞ்ஞானிகளே செய்து காட்டியிருக்கிறார்கள். முடியுமா என்பது கேள்வியே இல்லை.

கேள்வி காயப்போடுகிற இடத்தில் தொடங்குகிறது. அறுத்த பாசியை மணல் ஒட்டாமல் மூங்கில் பரணில் வலை விரித்துப் பரப்புகிறார்கள். இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். பத்து கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஒரு கிலோ. நடுவில் ஒரு மழை பெய்தால் நிறம் வெளுத்து, சத்து இறங்கி, விலையும் இறங்கிவிடும். வானத்தைப் பார்த்தபடியே பரணைச் சுற்றி வருவதும் தார்ப்பாயை இழுத்து மூடுவதும் திரும்பத் திறப்பதும் ஒரு முழு ஆள் வேலை. அந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. ஒரு கிலோ உலர் பாசிக்காக ஒன்பது கிலோ தண்ணீரை ஓட்ட வேண்டும். அதை அடுப்பு மூட்டி ஓட்டினால் ஏறக்குறைய 20 மெகாஜூல் வெப்பம் செலவாகும். அந்த ஒரு கிலோ பாசியை எரித்தால் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆக, வெயிலும் இந்தப் பெண்களின் கையும் இல்லாவிட்டால், உலர்ந்த பாசி எரிபொருள் ஆவதற்கு முன்பே கடனாளி ஆகிவிடுகிறது.

அன்று மத்தியானம் பரண் நிழலில் உட்கார்ந்து, அக்காவும் அவர் மகளும் சொல்லச் சொல்ல, ஒரு மிதவையின் கணக்கைப் போட்டேன். கல்லூரியில் வேதியியல் படிக்கிற மகள் ஒவ்வொரு படியையும் சரிபார்த்தாள். நல்ல சுற்றில் ஒரு மிதவை 250 கிலோ தரும். அதில் 60 கிலோ அடுத்த விதைக்கு. மிச்சம் 190 கிலோ. காய்ந்தால் 19 கிலோ. அதில் பாதி நொதிக்கிற சர்க்கரை என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். சர்க்கரை எத்தனாலாக மாறும்போது எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் தங்கும். மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். எந்த ஆலையாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. முடிவில் நிற்பது ஆறு லிட்டர். நாற்பத்தைந்து நாளுக்கும் நானூறு முடிச்சுக்கும் ஆறு லிட்டர் எத்தனால். வண்டியில் ஊற்றினால் நாலு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யும்.

பணமாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. கரும்புச் சாற்று எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் 2022-23-ல் கொடுத்த விலை லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசு. அந்த விலையில் ஆறு லிட்டருக்கு நானூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதிலும் ஆலைச் செலவு, அமிலம், நொதி, லாரி எல்லாம் போக வேண்டும். அதே 19 கிலோ உலர் பாசியை கராஜீனனுக்கு விற்றால், கிலோ அறுபது எழுபது என்று போகிற காலத்தில், ஆயிரத்து இருநூறு ரூபாய் கைக்கு வருகிறது. மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் ஒண்ணு நிரம்ப ரெண்டாயிரம் மிதவை வேணும். எட்டு லட்சம் முடிச்சு" என்றாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

இந்தக் கணக்கை உலகம் பல தடவை போட்டிருக்கிறது. 1970களின் எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்கர்கள் கலிபோர்னியாவுக்கு அப்பால் ஆழ்கடலில் கெல்ப் பாசி வளர்த்து மீத்தேன் எடுக்கப் பார்த்தார்கள். சோதனைப் பண்ணையைக் கடலின் சீற்றம் குலைத்துவிட்டது. குளத்துப் பாசியில் டீசல் எடுக்கும் அமெரிக்க அரசுத் திட்டம் 1978-ல் தொடங்கி 1996-ல் மூடப்பட்டது. நம் பக்கத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த சீ6 எனர்ஜி 2010-ல் எரிபொருளைக் குறிவைத்தே தொடங்கியது. 2012-ல் டென்மார்க்கின் நோவோசைம்ஸுடன் எத்தனாலுக்காகக் கைகோத்தது. கடலிலேயே பாசியை அறுத்து, அங்கேயே மறுபடி நட்டுச் செல்கிற இயந்திரத்தையும் உருவாக்கியது. முடிச்சுப் போடுகிற கையின் இடத்தில் இயந்திரம் வந்தால்தான் எரிபொருள் விலைக்குப் பாசி கிடைக்கும் என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள். அப்படியும் அந்த நிறுவனம் சந்தைக்கு முதலில் கொண்டுவந்தது பயிர் ஊக்கிகளைத்தான். இதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். எது முதலில், எது கடைசியில் என்ற வரிசையைப் பாசியே சொல்லிக் கொடுக்கிறது: முதலில் சாறு, பிறகு கராஜீனன், எரிபொருள் மிச்சத்திலிருந்து.

இயந்திரம் வந்தால் கடல் யாருடையது என்பது அடுத்த கேள்வி. தென்கடலில், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் மூழ்கி எடுக்கிற பெண்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்போடு பாறைகளுக்கு நடுவே மூழ்குகிறவர்கள். 1986-ல் தேசியப் பூங்கா வந்தபிறகு தங்கள் கடலில் இறங்கவே வாதாட வேண்டிய நிலைக்கு ஆளானார்கள். தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் பாதி நாள்கூட எடுப்பதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களை ஒருங்கிணைத்த சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. எரிபொருளுக்காக ஆயிரக்கணக்கில் மிதவை இறக்கும் திட்டம் ஏதாவது வருமானால், முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது இவர்களோடும் சிறுவலைக்காரர்களோடும்தான். பாசியும் சாதுவல்ல: குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் கப்பாபைகஸ் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் 2008-லேயே எழுதிவிட்டார்கள். தென்கடல் தீவுகளை விட்டு விலகி வளர்க்க வேண்டும் என்று 2005-ல் தமிழக அரசு வரம்பு போட்டதற்கு இந்த அச்சம்தான் காரணம்.

விளைச்சலும் நிச்சயமில்லை. 2013 வாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 டன் உலர் பாசி எடுத்த கரை இது. அதன்பின் கடல் சூடேறி, பாசி வெள்ளை வெளேரென்று ஆகி முடிச்சிலேயே கரைந்து விழுந்தது. "காலையில போய்ப் பார்த்தா கயிறு மட்டும் இருக்கும்" என்றார் அக்கா. ஒரே தாய்ப்பாசியை ஒடித்து ஒடித்து இருபது வருடம் நட்டால் வீரியம் குறையாமல் என்ன செய்யும்? புது விதைக்காகக் காத்திருந்து, தொழிலை விட்டே போனவர்கள் உண்டு.

எனக்கு நம்பிக்கை தருகிற வழி ஒன்று இருக்கிறது; அது காயப்போடத் தேவையில்லாத வழி. சாண எரிவாயுக் கலனில் பாசிச் சக்கையையும், வெளுத்து ஒதுக்கியதையும், கரையில் ஒதுங்கி அழுகிற பாசியையும் ஈரத்தோடு போடலாம். உப்பு மிகுந்தால் நுண்ணுயிர் சுணங்கும்; சாணமும் வீட்டுக் கழிவும் கலந்தால் சமாளிக்கும். பாசியில் கந்தகம் உண்டு என்பதால் வாயுவில் அழுகிய முட்டை நாற்றம் வரும், குழாயை அரிக்கும். இரும்புத் தூள் வழியாகச் செலுத்தினால் கந்தகம் அங்கேயே தங்கிவிடும். பெரிய ஆலை வேண்டாம்.

இதைச் சொன்னதும் அக்கா வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "சாறு பிழியிற மிஷினை எதுக்கு எங்கயோ வைக்கிறாங்க? பச்சையா இருக்கும்போதே பிழியணும்ல. இங்க வச்சா மழைக்குப் பயந்து சாக வேண்டாமே." பிழிவதற்குப் பாசி பச்சையாக இருந்தாக வேண்டும் என்பது உண்மை. கரையிலேயே பிழிந்தால் சாற்றின் விலை குழுவுக்கு வரும், காயப்போட வேண்டிய எடையும் பெரிதும் குறையும், தேறாததெல்லாம் கலனுக்குப் போகும், அந்த வாயுவில் மழைநாளுக்கு ஒரு உலர்த்தியை ஓட்டலாம். மகள் அதற்கும் ஒரு கணக்குப் போடத் தொடங்கியிருந்தாள்: எத்தனை குழு சேர்ந்தால் ஒரு மிஷின் கட்டுப்படியாகும், வாடைக் காற்றில் மிதவைகளைக் கரையேற்றுகிற மாதங்களில் அது சும்மா கிடக்குமா, அப்போது வேறு எதைப் பிழியலாம் என்று.