எண்ணுவதா, படிப்பதா?

கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை உண்டு. அங்கே கரும்பை எண்ணி யாரும் பணம் கொடுப்பதில்லை. எடை போடுவார்கள். மத்திய அரசு அறிவிக்கும் விலையிலும் சர்க்கரைக் கட்டுமானம், அதாவது நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்பது, சேர்ந்தே இருக்கும்.

இந்த எளிய நியாயம் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கு மட்டும் ஏன் இல்லை? மென்பொருள் பொறியியலின் முன்னோடிகளில் ஒருவரான டேவிட் பார்னாஸின் வருத்தம் இதுதான். 2007 நவம்பரில் ஏ.சி.எம். அமைப்பின் மாத இதழில், ஆராய்ச்சியாளர்களைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் மதிப்பிடுவதை நிறுத்துங்கள் என்று எழுதினார். எண்ண ஆரம்பித்தால் ஒரே விஷயத்தைத் துண்டு போட்டு நாலு கட்டுரை ஆக்குவார்கள்; அரைவேக்காட்டை அச்சேற்றுவார்கள்; பல வருடம் பிடிக்கும் பிரச்சினையைத் தொடவே மாட்டார்கள் என்பது அவர் வாதம்.

அவர் சும்மா சொல்லவில்லை. புரோகிராமைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, பின்னால் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வைக்க வேண்டும் என்று 1972-ல் எழுதினார். ஆறே பக்கம். இன்றும் அது பாடம்.

இந்தியாவில் 2010-ல் வந்த யு.ஜி.சி. விதிகள், கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று ஆசிரியர்களின் பதவி உயர்வோடு முடிச்சுப் போட்டன. காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்களுக்கு நல்ல வியாபாரம்!

பார்னாஸ் சொன்ன மாற்று வழி ஒன்றுதான்: மதிப்பிடுகிறவர் கட்டுரையைப் படிக்க வேண்டும். நேரம் பிடிக்கும்தான். ஆனால் விடைத்தாளைப் படிக்காமல், பக்கத்தை எண்ணி மார்க் போடும் வாத்தியாரை எந்த மாணவன் மதிப்பான்?