பழவேற்காட்டில் ஒரு பழைய டிரில் மிஷின்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காட்டுக்குச் செல்வோர், 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய ஜெல்டிரியா கோட்டையின் சிதைவையும் அவர்தம் கல்லறைகளையும் கண்டு திரும்புவர். நீங்கள் சென்றால், ஏரிக்கரையில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்குமிடத்திலும் சற்று நில்லுங்கள்.

அங்கே ஒரு மெக்கானிக்கின் முன்னால், பம்பாயில் தயாரான பழைய ராலிவுல்ஃப் டிரில் மிஷின் ஒன்று பிரித்து வைக்கப்பட்டிருந்தது. உலோக உடல், உப்புக்காற்றில் செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. அவர் கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தார். தேய்ந்த கார்பன் பிரஷ்களை மாற்றினார். பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் இட்டார். வண்ணம் பூசுமுன், எர்த் வயரின் திருகு பதியும் இடத்தை மட்டும் காகிதம் ஒட்டி மறைத்தார்.

"இங்கே பெயிண்ட் படக் கூடாது, ஹஜ்ரத்" என்றார்.

உள்ளே வயர் பழுதாகி மின்சாரம் உடலில் பாய்ந்தால், எர்த் வயர் அதை மண்ணுக்கு இழுத்துச் செல்லும், ஃபியூஸும் போய்விடும். இடையில் பெயிண்ட் படிந்து தடுத்தாலோ, ஈர மணலில் வெறுங்காலோடு நிற்பவரின் உடலே அதற்கு வழியாகிவிடும். வேறெங்கோ புதுவண்ணம் பெற்று வந்த கருவி ஒன்று அவருடைய தம்பியைத் தூக்கி எறிந்ததாம். பிழைத்தது இறைவன் அருள்! (மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுச் செருகும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டல்லவா?)

மறுநாளும் சென்றேன். வண்ணம் உலர்ந்திருந்தது. பிளக்கின் பெரிய பின்னையும் கருவியின் உலோக முனையையும் பேட்டரியோடும் சிறு பல்போடும் இணைத்தார். பல்பு எரிந்தது. அதன் பிறகே தம்பியிடம் கொடுத்தார்.