ஆட்டம் எங்கே?

போனக்காட்டில் பழைய பிக்கப் வண்டியின் ஸ்டியரிங் ஆடினால் அது வெறும் ஒர்க்‌ஷாப் சமாச்சாரம் அல்ல. அகத்தியர்கூடத்தின் அடிவாரத்திலுள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விதுராவுக்கு இறங்கும் பாதை, காட்டு வளைவுகளாலானது.

வருடக்கணக்கில் கூலி பாக்கி நீண்ட ஊர் இது. செலவில்லாத வைத்தியத்துக்கே முதலிடம்: ஸ்டியரிங் பாக்ஸின் ஸ்குரூவைச் சற்று முடுக்குவது. ஆட்டம் உடனே குறையும். ஆபத்தும் அங்கேதான். வண்டி பெரும்பாலும் நேராக ஓடுவதால் பாக்ஸின் உள்பாகங்கள் நடுவில்தான் அதிகம் தேய்கின்றன. அந்த இடத்துக்கு ஏற்ப முடுக்கினால், தேயாத ஓரங்களில் இறுகிவிடும். நேர்ப்பாதையில் சமர்த்தாக ஓடும் வண்டி, கொண்டை ஊசி வளைவில் ஒடித்த ஸ்டியரிங்கைத் திருப்பித் தராமல் முரண்டு பிடிக்கும்.

விஷயம் தெரிந்த மெக்கானிக் ஸ்குரூவைக் கடைசியில்தான் தொடுவார். எஞ்சினை அணைத்து, சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக அசைக்கச் சொல்லி, தான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார். கையின் அசைவு எந்த இடத்தில் தொலைகிறதோ, கோளாறு அங்கே. டை ராட் முனை தேய்ந்திருக்கலாம். பாக்ஸை சேஸிஸுடன் பிணைக்கும் போல்ட்டே தளர்ந்திருக்கலாம்.

போல்ட்டை முடுக்கக் காசு வேண்டாம். டை ராட் முனைக்கு வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடிப்பவர் ஓட்டுநர். பணயம் வைக்கப்படுவதோ, பின்னால் நின்றபடி மலையிறங்கும் அத்தனை பேரும்.