ஈயின் ஒரு வாரம்

சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்காரும் ஈ, முட்டையிலிருந்து கணக்குப் பார்த்தால், ஒரு வாரத்துக்கு முன்பே உண்டாகிவிட்டது. வெயில் காலத்தில் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். புழு நாலைந்து நாள் ஈரக் குப்பையில் கிடந்து கொழுக்கும். பிறகு பக்கத்தில் காய்ந்த இடம் தேடி ஊர்ந்துபோய், பழுப்பு நிறக் கூட்டுக்குள் அடங்கிச் சில நாளில் ஈயாக வெளிவரும். ஒரு பெண் ஈ தன் ஆயுளில் ஐந்நூறு முட்டை வரை இடக்கூடியது. பறப்பதை அடித்துத் தீர்க்க நினைப்பவர், போன வாரக் குப்பையோடு போராடுகிறார். இந்த வாரக் குப்பையில் அடுத்த கூட்டம் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஈயைத் தடுக்க வேண்டுமென்றால் குப்பை எத்தனை நாள் ஈரமாகக் கிடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மருந்தடித்தால் போகாதா என்று கேட்கலாம். போகும், கொஞ்ச காலத்துக்கு. பாகிஸ்தான் கிராமங்களில் மருந்தடித்து ஈயைக் கட்டுப்படுத்தியபோது சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய கால் பங்கு குறைந்ததாக 1999இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஈயை வெறும் தொல்லை என்று ஒதுக்குபவர்கள் அவசியம் அறிய வேண்டிய செய்தி இது. ஆனால் மருந்தின் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. டிடிடியின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்ததற்காகப் பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே ஸ்வீடனிலும் இத்தாலியிலும் அந்த மருந்துக்குச் சாகாத ஈக்கள் தோன்றிவிட்டன. இரண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை காணும் உயிருக்கு, மருந்தில் தப்பிப் பிழைத்த சில ஈக்களே போதும். அந்த வலிமை வெகு விரைவில் கூட்டம் முழுவதற்கும் வந்துவிடும்.

மருந்தே இல்லாமல் ஈயை வெல்ல முடியும் என்பதற்கு நான் மிகவும் மதிக்கும் சான்று ஒரு கிராமத்துக் கழிப்பறை. இன்றைய ஜிம்பாப்வேயில், பிளேர் ஆய்வுக்கூடத்தில், 1970களில் பீட்டர் மார்கன் அதை உருவாக்கினார். குழி, அதன்மேல் இருட்டான சிறிய அறை, குழியிலிருந்து கூரைக்கு மேலே நீளும் ஒரு குழாய், குழாயின் வாயில் கம்பிவலை. அவ்வளவுதான் அமைப்பு. குழாயின் தலைமேல் வீசும் காற்று குழியின் காற்றை மேலே இழுக்கிறது. நாற்றம் அறைக்குள் வராமல் குழாய் வழியே போய்விடுகிறது. நாற்றத்தைத் தேடி வெளியிலிருந்து வரும் ஈ குழாயின் வாய்க்குப் போகிறது. வலை உள்ளே விடுவதில்லை. குழிக்குள் பிறந்த ஈ வெளிச்சத்தை நாடும். அறை இருட்டாக இருப்பதால் அதன் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் குழாயின் உச்சி ஒன்றுதான். மேலே ஏறி, வலையில் முட்டி, அங்கேயே சாகிறது. சோதனைக்காக 78 நாள் ஈ பிடித்துப் பார்த்தார்கள். குழாயில்லாத கழிப்பறையில் 13,953 ஈக்கள் சிக்கின. குழாய் வைத்ததில் 146. ஈ எதைத் தேடிப் போகும், எங்கே திரும்பும் என்று பொறுமையாகக் கவனித்த ஒருவரின் வேலை இது. ஈயின் பழக்கம் எதையும் அவர் மாற்றவில்லை. அந்தப் பழக்கத்தின் வழியிலேயே ஒரு குழாயை நட்டார். 2013இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு அவரைத் தேடி வந்தது மிகப் பொருத்தமானது.

வீட்டுக்கும் இதே கவனிப்புதான் வேண்டும். புழுவுக்கு ஈரம் தேவை. ஆகவே காய்கறிக் கழிவை இறுக்கமான மூடிக்குள் வைத்து, அன்றன்றைக்கு அப்புறப்படுத்த வேண்டும். வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, அடியில் ஒட்டிய சகதியையும் கழுவிக் காயவைக்க வேண்டும். புழுவுக்கு அந்தச் சகதியே தாராளம். வீட்டில் உரம் போடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்த இலையையோ மண்ணையோ கனமாக மூடுவது நல்லது. குவித்து வைத்த சாணத்தில் ஈ பெருகும். அதையே வறட்டியாகத் தட்டி வெயிலில் உலர்த்திவிட்டால் புழு பிழைக்க வழியில்லை.

எங்கள் வீடு சுத்தம்தான், ஈ வெளியிலிருந்தல்லவா வருகிறது என்பார்கள். உண்மை. ஈ ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து வரும். சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பைமேடுகளை ஒட்டி வாழ்பவர்களிடம் வாளியை மூடுங்கள் என்று மட்டும் சொல்வது அநியாயம். அதனாலேயே இதை இல்லத்தரசியின் சுத்தப் பிரச்சினையாக நான் ஏற்பதில்லை. கோடையில் ஈயின் வளர்ச்சி வேகத்தை வைத்துப் பார்த்தால், வாரத்துக்கு ஒருமுறை குப்பை அள்ளும் தெருவில் புழு வளர்ந்து கூடு கட்டவே அவகாசம் கிடைத்துவிடுகிறது. வாரம் இரண்டு முறை அள்ளினால் பெரும்பாலான புழுக்கள் கூடு கட்டுவதற்குள் குப்பையோடு போய்விடும். குப்பை வண்டி வரும் நாட்களை முடிவு செய்கிறவர்கள் மாநகராட்சியிலும் ஊராட்சியிலும் இருக்கிறார்கள். கேள்வியை அவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும், கோடை தொடங்கும் முன்பே.